வந்து வந்து மறைந்த கோளாறு

நாமக்கல் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மோட்டார் யந்திரங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லாமலிருப்பது அபூர்வம். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், லேத்துகளும், ஸ்பிரிங் பட்டைக் கடைகளும், பழைய டயர்க் கடைகளும் சாலையின் இரு மருங்கும் நெருங்கி நிற்கும் அந்தப் பிரதேசத்தில், முடி திருத்துகிறவரும் டீ ஆற்றுகிறவரும்கூட, வாசலில் வந்து நிற்கும் வண்டியின் சப்தத்தைக் கேட்டமாத்திரத்தில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புப் பல சமயங்களில் சரியாகவும் அமைந்துவிடும் என்பதுதான் கேட்கிறவனுக்குச் சங்கடம். எப்போதும் இருக்கிற கோளாறை இவர்களில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமற்போய், இனி வராது என்று எல்லாரும் நிம்மதியடைந்த பிறகு மறுபடியும் தலைகாட்டுகிற கோளாறு ஒன்று வந்து சேர்ந்தால், இவ்வளவு ஞானமும் எப்படித் திக்குமுக்காடிப் போகும் என்பதை என் மாமாவின் பழைய டீசல் பிக்கப் வண்டி விஷயத்தில் கண்கூடாகக் கண்டேன்.

மாமாவுக்குச் சேந்தமங்கலத்தில் மண்டி. கொல்லிமலையிலிருந்து வாழைத்தாரும் அன்னாசியும் பலாவும், பருவத்தில் மிளகும் இறக்கிவந்து விற்பது தொழில். மேலே போகும்போது வண்டி சும்மா போகக்கூடாது என்பதற்காக அரிசி மூட்டையும் மளிகைச் சாமானும் சோளக்காட்டுக்கும் செம்மேட்டுக்கும் ஏற்றிச் செல்வதும் உண்டு. நான் சொல்லுகிற காலம் 1990-களின் தொடக்கம். நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு (அது 1997-ல் நடந்தது) முன்பு, நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்களாக இருந்த காலம். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் தேடிக்கொண்டிருந்த எனக்கு, மாமாவின் மண்டியில் கணக்கு எழுதும் வேலையும், மனம் சலித்தபோது வண்டியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய் வரும் சுதந்திரமும் கிடைத்திருந்தன.

வண்டி அப்போதே பத்து வயதைத் தாண்டியிருந்தது. ஜீப்பின் முகமும் சிறிய லாரியின் முதுகும் கொண்ட அதை மாமா மூன்றாவது கையிலோ நான்காவது கையிலோ வாங்கியிருந்தார். சாவியைத் திருப்பி, ஹீட்டர் சுருள் பழுக்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிறுத்துவதற்குச் சாவி உதவாது, டாஷ்போர்டின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குமிழை இழுத்தால்தான் நிற்கும். டீசல் அளவு காட்டும் முள் எப்போதோ பிராணனை விட்டு ஒரே இடத்தில் கிடந்தது. ஆகவே டேங்கின் மூடியைத் திறந்து, அதற்கென்றே செதுக்கி வைத்திருந்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, நனைந்த உயரத்தைப் பார்த்து மாமா அளவை அனுமானித்துக்கொள்வார். அந்த டேங்கும் வண்டியோடு பிறந்ததன்று. முன்னாள் சொந்தக்காரர்களில் ஒருவர் எந்த வண்டியிலிருந்தோ கழற்றியதைச் சேஸிஸின் பக்கவாட்டில் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். இந்தச் சங்கதி எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் பழைய வண்டி என்றால் அதில் நான்கு வண்டிகளின் அவயவங்கள் இருப்பது உலக வழக்கமாகையால், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொல்லிமலைப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து தொடங்கி மேலே போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு பலவீனமானவர்கள் அந்த எண்களை எண்ணிக்கொண்டு வருவதே தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் கொடுமை. வளைவுகள் அடுத்தடுத்து வருவதால், கியரை மாற்றி ஓரளவு வேகம் பிடிப்பதற்குள் மறுபடியும் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பாதையில், கூட்டில் மூட்டைகளோடு, மேலிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிவரும் தருணத்தில் யந்திரம் நின்றுபோனால், அந்த அனுபவத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். கிளீனர் பையன் வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே குதித்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஓடுவான்.

நின்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிற்பாடு அதுவே முக்கியமாயிற்று. குமிழை இழுத்து நிறுத்தியது போல் அது திடீரென்று நிற்பதில்லை. முதலில் இழுவை லேசாகக் குறையும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிப்பார். யந்திரம் ஒரு கணம் பழைய பலத்தோடு முன்னே பாயும், மறுகணம் திணறும், மறுபடி பாயும், மறுபடி திணறும், கடைசியில் ஒரு குலுக்கலோடு அடங்கிவிடும். பிறகு பானெட்டைத் திறந்து 'ஏர் எடுக்கும்' சடங்கு நடக்கும். பில்டரின் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, நாசில்களுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் விலாவில் ஒட்டியிருந்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் கைப்பிடியைத் திருகி விடுவித்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்றின் சீறல், பிறகு நுரை, பிறகு நுரையும் டீசலும் கலந்த துப்பல், கடைசியில் குமிழி இல்லாத நேரான ஒழுக்கு. ஒழுக்கு வந்ததும் அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்கிவிட வேண்டும். சூடேறிய யந்திரத்தின்மேல் சிந்திய டீசலின் நாற்றம் குளித்த பிறகும் கையை விட்டுப் போகாது. இவ்வளவும் செய்தபின் வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெறும். ஒரு நாள் அப்படியே செம்மேடு வரைக்கும் போய்ச் சேரும். இன்னொரு நாள் நாலு வளைவு தாண்டுமுன் மறுபடியும் படுத்துக்கொள்ளும். பல நாட்கள் காரவள்ளியிலிருந்து மேல்வரை ஒரு தும்மலும் இல்லாமல், புது வண்டியைப் போலவே ஏறிவிடும்.

டீசல் யந்திரத்தில் இப்படிக் காற்று புகுவது ஏன் அவ்வளவு பெரிய விபரீதம் என்பதைச் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. பெட்ரோல் வண்டியில் தீப்பொறி உண்டு. இதில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இருபதில் ஒரு பங்காக அமுக்கப்பட்டுப் பழுக்கச் சூடேறிய காற்றிலே, உரிய தருணத்தில், ஒரு சொட்டுக்கும் குறைவான டீசலைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு நாசில் வழியாகப் பனியாகத் தெளிக்க வேண்டும். தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். டீசல் அமுங்காத வஸ்து, ஆகையால் பம்பின் பிளஞ்சர் தள்ளியவுடன் நாசில் திறக்கிறது. டீசலுக்குப் பதில் காற்று வந்துவிட்டாலோ, பிளஞ்சர் எவ்வளவு தள்ளினாலும் காற்று அமுங்கி அமுங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நாசில் திறக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1897-ஆம் வருஷம் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ப் டீசல் தம்முடைய யந்திரத்தைப் பரீட்சித்து உலகுக்குக் காட்டியபோது, எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்த அவர் பயன்படுத்திய கருவியே காற்றுதான். கம்ப்ரஸரில் பலமாக அமுக்கிய காற்று எண்ணெயை ஊதித் தள்ளியது. அந்தக் கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டு சாலையில் ஓடுவது சாத்தியமில்லாததால், அவருடைய யந்திரம் வெகுகாலம் கப்பலிலும் மின்சார நிலையத்திலுமே குடியிருந்தது. பாஷ் கம்பெனியார் 1927-ல் எண்ணெயை நேரே தள்ளும் பம்புகளைத் தொகுதி தொகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகே அது லாரிகளுக்குத் தாராளமாக இறங்கிவந்தது. பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நமது பக்கத்தில் 1951-ல் ஆரம்பித்த பெங்களூர் மைக்கோ கம்பெனியின் பெயரே எங்கள் மெக்கானிக்குகளின் வாயில் அந்த நுட்பத்துக்கெல்லாம் மறுபெயராகியிருந்தது. எனவே பம்பு என்றால் பயபக்தி. வண்டியில் எந்தத் தொல்லை வந்தாலும் சந்தேகம் முதலில் போவது பம்பின்மேல்.

எங்கள் வண்டிக்கும் அப்படித்தான். ஆனால் பம்பைத் தொடுவது செலவு என்பதனால், முதலில் வைத்தியம் பார்த்தவர் பில்டரை மாற்றினார். வண்டி சரியாயிற்று, அடுத்த வாரம் மலையில் நின்றது. இரண்டாமவர் பீட் பம்பைப் பிரித்து வால்வும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டார். சரியாயிற்று, சந்தை நாளன்று நின்றது. மூன்றாமவர் விவேகி. டேங்கின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பு இழுக்க முடியாமற்போகும் என்று காரணம் சொல்லி, மூடியைக் கழுவி ஊதிக் கொடுத்தார். அது மெய்யான காரணந்தான், வேறு வண்டிகளில் நான் பின்னால் கண்டுமிருக்கிறேன், ஆனால் எங்கள் வண்டி அதற்கும் மசியவில்லை. பிறகு டேங்கைக் கழற்றி ஊதினார்கள். இலையோ சாக்குநூலோ உள்ளே மிதந்து, ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயை அடைத்து, நின்றபின் விலகிக்கொள்ளும் என்பது அவர்களுடைய அனுமானம். துருவும் சேறும் ஒரு கை நிறைய வந்ததேயன்றி இலையும் இல்லை, நூலும் இல்லை. கடைசியில் பம்பும் நாசில்களும் நாமக்கல்லுக்குப் போய், மேஜைமேல் ஏற்றிக் கண்ணாடிக் குழல்களில் அளந்து பார்க்கப்பட்டு, நாசில் முனைகள் மாற்றப்பட்டு, பெரிய பில்லோடு திரும்பி வந்தன. சரியாயிற்று, பத்து நாளைக்கெல்லாம் நின்றது. ஒருவர் நடுவழியில் பம்பின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது குளிர்ந்தபின் வண்டி கிளம்பியதைக் காட்டி, பம்பு தேய்ந்ததற்கு இதைவிட ருசு வேண்டுமா என்று கேட்டார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வண்டியைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் அதைக் குணப்படுத்தினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் செய்த காரியத்துக்குப் பின் வண்டி ஓடிற்று என்பதைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். மறுபடி நின்றது புதிதாக வந்த வேறு கோளாறு என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். வந்து வந்து போகிற நோயின் ஸ்வபாவம் இதுதான்: தானே போய்க்கொண்டிருக்கிற சமயத்தில் எவன் கை வைத்திருந்தானோ அவனுக்குக் கீர்த்தி.

எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும் இந்த விசாரணைகளில் கலந்துகொள்ளவில்லை. பெரும்பாலும் ஒரே இடத்துக்குப் பக்கத்தில், இருபதாவது வளைவையொட்டி, வண்டி நிற்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே அங்கே ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, காரவள்ளியிலேயே சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஏறும் வழக்கத்தை மேற்கொண்டார். நாமக்கல்லில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. படித்தவன் என்ற அகங்காரத்தில் நான் சிரித்தேன் என்றாலும், அவர் சொன்னதில் ஒரு பாதி, அதாவது 'ஒரே இடம்' என்ற பாதி, மற்ற எல்லாருடைய சித்தாந்தங்களையும்விட மதிப்புள்ள தகவலாக இருந்தது என்பதைப் பின்னால் வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் ஒரு பழைய மேஸ்திரி. பெரிய லாரிகளில் வேலை பார்த்துக் கண் மங்கிப் போனபின், சேந்தமங்கலத்துக்கு வெளியே புளியமரத்தடியில் டிராக்டர்களும் டீசல் மோட்டார்களும் மட்டும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி வெற்றிலையை மடித்துக்கொண்டு, கேள்விகளாகவே கேட்டார்.

"நிக்கறப்ப பொசுக்குன்னு நிக்குதுங்களா, இழுத்து இழுத்து நிக்குதுங்களா?"

"இழுத்து இழுத்துத்தானுங்க," என்றார் டிரைவர் அண்ணன்.

"அப்ப ஒயரு, சுவிச்சு ஒண்ணுமில்ல. டீசல் பத்தல. ஏறும்போதா, எறங்கும்போதா?"

"எறங்கும்போது ஒரு நாளும் நின்னதில்லீங்க. அப்பத்தான் லோடு ஜாஸ்தி."

"எறங்கும்போது காலை எடுத்துட்டுத்தானே வருவீங்க, அது என்னத்தக் குடிக்கப் போவுது? காலையில ஸ்டார்ட் ஆகறது எப்படி?"

"அதுவும் ஒரு மாதிரி இல்லீங்க. சில நாள் பாதிச் சுத்துல புடிச்சுக்கும், சில நாள் பேட்டரி தீர்ற மட்டும் சுத்தோணும்."

மேஸ்திரி வெற்றிலையை வாயில் போடாமல் நிறுத்தினார். "ராத்திரியெல்லாம் நின்ன வண்டி. ஒரு நாள் புடிக்குது, ஒரு நாள் புடிக்கல. டீசல் திரும்ப டேங்குக்கே எறங்கிருது. அது எந்தெந்த நாளுன்னு யாருக்காச்சும் ஞாபகம் இருக்குங்களா, மொதலாளி?"

ஞாபகம் யாருக்கும் இல்லை. ஆனால் நோட்டு இருந்தது. மாமா கணக்கில் கறாரானவர். வண்டிக்கென்று தனி நோட்டுப் போட்டு, இன்ன தேதியில் இன்ன தொகைக்கு டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம், வழியில் நின்றதனால் தார்கள் தாமதமாக வந்து ஏலம் தப்பிய நஷ்டம் என்று எல்லாவற்றையும் என்னைக்கொண்டு எழுத வைத்திருந்தார். நஷ்டத்தை எழுதுவதில் அவருக்கு இருந்த சிரத்தை லாபத்தை எழுதுவதில் இருந்ததில்லை என்றே சொல்லலாம். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, "தம்பி, டீசல் போட்ட நாளையும் நின்ன நாளையும் மட்டும் படிங்க, மத்ததெல்லாம் எனக்கு வேண்டாமுங்க," என்றார் மேஸ்திரி. நான் படித்தேன். அவர் தரையில் குச்சியால் ஒரு கோடும் ஒரு புள்ளியுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். டீசலுக்குக் கோடு, நின்றதற்குப் புள்ளி. பெரிய தொகைக்கு டீசல் போட்ட பதிவுகளுக்குப் பக்கத்தில் புள்ளியே விழவில்லை. புள்ளிகளெல்லாம் அதற்குப் பல நாள் கழித்து, அடுத்த கோட்டுக்குச் சற்று முன்னால், கூட்டமாக விழுந்திருந்தன. இன்னொரு சங்கதியும் அப்போதுதான் வெளிப்பட்டது. பெரிய தொகைக்கு டீசல் போட்ட நாட்களெல்லாம் வண்டி பட்டறைக்குப் போன நாட்கள். பட்டறையில் டீசலை உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயத்தில், வண்டியை விடுவதற்கு முன் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, எடுக்கும்போது குச்சி விட்டுச் சரிபார்ப்பது மாமாவின் நெடுநாளைய முறை. மற்ற நாட்களில் கையில் இருந்த பணத்துக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்.

மேஸ்திரி சிரிக்கவில்லை, ஈரச் சாக்குக் கதையைச் சொன்னபோதுதான் சிரித்தார். அந்தச் சோதனை சுழல் பம்புக்கு உரியது, இந்த வண்டியிலுள்ள வரிசைப் பம்பில் அதனால் தெரிவது ஒன்றுமில்லை, சாக்குப் போட்ட நேரத்தில் பையன் ஏர் எடுத்திருப்பான், அவ்வளவுதான் என்றார். பீட் பம்புக்கு முன்னால் இருக்கிற பாதை உறிஞ்சுகிற பாதை, பின்னால் இருப்பது தள்ளுகிற பாதை. தள்ளுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து ஊருக்கெல்லாம் தெரியும், உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும், தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும் என்று அவர் விளக்கியபோது, இத்தனை மாதம் எல்லாரும் ஈரம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த காட்சி என் மனத்தில் ஓடியது.

அனுமானம் அவருக்குப் போதவில்லை, பிரத்தியட்சம் வேண்டும் என்றார். மறுநாள் டேங்கில் கால் பங்குக்குச் சற்று மேல் டீசல் இருக்கும்படி குச்சி விட்டுப் பார்த்து வைத்துக்கொண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை வாங்கிவரச் செய்து, டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் பீட் பம்புக்கும் நடுவே அதைப் பொருத்தி, டாஷ்போர்டின் ஓட்டை வழியாக ஒரு வளையத்தைக் கேபினுக்குள் இழுத்து என் முழங்காலுக்கு முன்னால் கட்டிவிட்டார். எந்த இன்ஸ்பெக்டர் பார்த்தாலும் அபராதம் விதித்திருப்பார். டிரைவர் அண்ணன் பழக்கத்தை விடாமல் எலுமிச்சம்பழம் வைத்தார், மேஸ்திரி ஆட்சேபிக்கவில்லை.

சமவெளியில் டியூபுக்குள் டீசல் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. காரவள்ளி தாண்டி ஏற்றம் பிடித்ததும் குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று வந்தது, ஓடி மறைந்தது. வளைவுகள் ஏற ஏற, ஜவ்வரிசி மணிகளைக் கோத்துவிட்டது போலக் குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின. நான் பதறி மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கையால் அமர்த்தி, "இன்னும் நிக்காதுங்க தம்பி, பில்டர் தலையில எடம் இருக்குது, நெறையட்டும்," என்றார். வண்டி அப்போது ஒரு குறையுமின்றி இழுத்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வளைவுகளுக்குப் பிறகு டியூபில் ஒரு விரல் நீளத்துக்கு வெறும் காற்று தென்பட்டது. அதற்கும் சற்று நேரம் கழித்து இழுவை குறைந்தது, பாய்ந்தது, திணறியது, நின்றது. இறங்கிப் பார்த்தேன். இருபதாவது வளைவு கண்ணுக்கெட்டின தூரத்தில் இருந்தது. காற்று புகுந்த இடம் ஒன்று, அதன் பலன் தெரிந்த இடம் வேறு. பில்டரின் தலை நிரம்புவதற்கு ஏறக்குறைய ஒரே அவகாசம் பிடித்ததனால், வண்டியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "நீங்க சொன்ன எடந்தானுங்க," என்று மேஸ்திரி டிரைவர் அண்ணனிடம் மரியாதையாகவே சொன்னார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. டேங்கிலிருந்து பம்பு வரையிலுள்ள பாதையில் குற்றம் டேங்குக்குள்ளா, வெளியிலா என்பதைப் பிரித்தறிய வேண்டுமென்று, அங்கேயே, சாலையோரத்தில், கொண்டுவந்திருந்த டீசல் கேனைக் கேபின் கூரைமேல் கயிற்றால் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபைச் சேஸிஸ் ஓரமாக டேங்கின் வாயருகே கொண்டுபோய், டேங்கை விட்டுவிட்டுப் பழைய இரும்புக் குழாயின் தொடக்கத்தில் மாட்டினார். ஆக, குழாயும் இணைப்புகளும் செம்பு வாஷர்களும் பழையனவே. டேங்கு மட்டும் விலக்கப்பட்டது. ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பினோம். மிச்சமிருந்த வளைவுகள் அத்தனையிலும் என் முழங்காலுக்கு முன்னிருந்த டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை. கேன் உயரத்தில் இருப்பதால் டீசல் தானே இறங்குகிறது, குழாயில் ஓட்டை இருந்தால் இப்போது வெளியே ஒழுகியாக வேண்டுமே என்று சொல்லி, செம்மேட்டில் வண்டிக்கடியில் படுத்துக் குழாய் முழுவதையும் பழைய செய்தித்தாளால் ஒற்றிப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது.

திரும்பி வந்து டேங்கை இறக்கி, மேல் மூடியோடு சேர்ந்த உறிஞ்சு குழாயை உருவினார். அதைப் பார்த்தவுடன் மாமாவே "அட!" என்றார். குழாய் ஒரே துண்டாக இல்லை. முன்னாள் சொந்தக்காரர் பொருத்திய டேங்கு ஆழமானது. அவர் கையிலிருந்த குழாய் குட்டையானது. எனவே நடுவில் இன்னொரு துண்டைச் செருகிப் பித்தளையால் ஒட்டியிருந்தார்கள். டேங்கு கழுவியவர்களும் இதைக் கண்டிருப்பார்கள். ஆனால் ஒட்டு பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. மேஸ்திரி கீழ்முனையைக் கட்டைவிரலால் அடைத்து, குழாயை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேல்முனையில் வாய் வைத்து ஊதினார். ஒன்றும் வரவில்லை. மாமாவின் முகம் வாடிற்று. மேஸ்திரி ஊதுவதை நிறுத்தாமல், இரண்டு கையாலும் குழாயை மிக லேசாக வளைத்தார். ஒட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய குமிழிச் சரம் ஒன்று எழுந்தது. கையைத் தளர்த்தினார், சரம் நின்றது. மயிரிழை போன்ற அந்த வெடிப்பு ஓட்டத்தின் அதிர்வில்தான் நன்றாக வாய் திறந்தது. டீசல் அதற்குமேல் இருக்கும்வரை, திறந்தாலும் உறிஞ்சப்படுவது டீசலே. மட்டம் பாதிக்குக் கீழே இறங்கி, ஏற்றத்தில் வண்டியின் முகம் உயர, டேங்கின் முன்பக்கத்தில் இருந்த குழாயை விட்டு டீசல் பின்பக்கம் சாய்ந்துவிட்டால், வெடிப்பு காற்றில் நிற்கும்.

குழாயை மாற்றுவது அரை நாள் வேலை. லேத்தில் புதுக்குழாய் ஒரே துண்டாக வெட்டி, மூடியில் ஒட்டி, தண்ணீரில் வளைத்து வளைத்துச் சோதித்து, டேங்கை மாட்டினார்கள். சரியாயிற்று என்ற சொல்லை மேஸ்திரி வாயிலிருந்து வரவழைக்க மாமா எவ்வளவோ முயன்றும் அவர் சொல்லவில்லை. டேங்கை நிரப்பப் புறப்பட்ட மாமாவைத் தடுத்து, குச்சியின் நுனி மட்டும் நனைகிற அளவுக்கு வடித்துவிட்டு, அந்த நிலையிலேயே மூட்டைகளோடு மேலே அனுப்பினார். வண்டி 70 வளைவும் ஏறிற்று. மறுவாரமும் அப்படியே குறைந்த டீசலில் அனுப்பிப் பார்த்த பிறகுதான் பிளாஸ்டிக் டியூபைக் கழற்றினார்.

அளவு காட்டும் முள்ளையும் யாரும் கேட்காமலே மேஸ்திரி சரிபண்ணி, அதற்குத் தனியாகக் கூலி வாங்கினார். மாமா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு, அந்தக் கூலியைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னார். பழைய பீட் பம்பு வால்வுகளும் நாசில் முனைகளும் நன்றாகவே இருந்தன என்று தெரிந்ததும், எடைக்குப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினார். பம்பை மேஜையில் வைத்துப் பார்த்த நாமக்கல் கடைக்காரரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். இப்போது நிற்பதே இல்லை என்றேன். "கேலிப்ரேஷன் பண்ணினா கொஞ்ச நாள் கழிச்சுத்தானுங்க செட் ஆகும்," என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போனார். டிரைவர் அண்ணன் அந்த மாதமே விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்தார். எனக்கும் நான்கு வடை கொடுத்தார்.